சுவரின் நிறத்தில் ஒரு வயர்

அம்மா அழகுக்காகத்தான் அந்த வயரை வாங்கினாரா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்க வருடக்கணக்கில் நேரம் இருந்தது. ஒவ்வொரு முறையும், இதைப் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அம்மா தவறிப்போய் வருகிற தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

போன வாரம் அப்பாவை, அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். இரண்டு பெட்டித் துணி, ஒரு மருந்துப் பை, அப்புறம் போர்வையில் சுற்றிய பழைய ரேடியோ செட். அதற்கு வயர் வாங்கக் கடைக்குப் போனேன். போன இடத்தில், என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அப்போது நினைவுக்கு வந்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் குருண் என்ற சிறு டவுனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதா, பத்தா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான்காம் ஆண்டு படித்தேன் என்பது மட்டும் நிச்சயம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. மாற்றலாகிப் போன சூப்பர்வைசர் ஒருவர் தன் ரேடியோ செட்டை அப்பாவிடம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர்கள். அப்பா அதைத் துடைத்துத் துடைத்தே நாலு நாளை ஓட்டினார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அலோர் ஸ்டாரில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் வேலை செய்தார். செட் வந்த செய்தி கேட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே தோளில் ஒரு வயர்ச் சுருளோடு வந்து இறங்கினார். என் கட்டைவிரல் தடிமன். மேலே நீல நூல் பின்னல், முனைகளில் தங்க நிறக் கொண்டை.

“அக்கா, செட்டோட வந்த இந்த நூல தூக்கிப் போடு. இது ஆக்சிஜன் இல்லாத செம்பு. முனையில தங்க முலாம். இதுல கேட்டா பாடறவங்க மூச்சு வாங்குறதுகூட காதுல விழும் லா.”

“அவங்க மூச்சு வாங்குறத கேட்டு நான் என்னடா பண்ணப்போறேன்?” என்றார் அம்மா.

தங்கக் கொண்டை எங்கள் செட்டின் துளைக்குள் நுழையவில்லை. மாமா அதை வெட்டி எறிந்தார். உள்ளே இருந்த செம்புக் கம்பிகளும் நுழையவில்லை. பாதிக் கம்பிகளை நறுக்கிவிட்டு மீதியை முறுக்கித் திணித்தார். தங்கமும் போய்ச் செம்பில் பாதியும் போன பிறகும் அது உசத்தி வயராகவே இருந்தது. ஒரு ஸ்பீக்கர் அலமாரிக்குப் பக்கத்தில். இன்னொன்று எதிர்ப்புறம், அடுப்படி வாசலை ஒட்டி. நடுவில் வயர் ஹாலைக் குறுக்கே கடந்தது. மூலையில் மடித்தால் மடங்காமல் துள்ளி எழுந்தது. மாமா அதன்மேல் ஒரு பாயை விரித்தார். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி பாய் நடுவில் புடைத்துக்கொண்டு கிடந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துளையின் மூடியை அமுக்கி வயரைச் செருகும் வித்தையை மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்பா பாட்டுப் போட்டார். “மூச்சு கேக்குதா அத்தான்?” என்று மாமா அப்பாவைக் கேட்டார். “உன் மூச்சுதான் மச்சான் கேக்குது, கொஞ்சம் தள்ளி நில்லு” என்றார் அப்பா. அந்த வாரம் முழுவதும் வீட்டில் பாட்டுதான்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அப்போது அது எனக்கு வெறும் வேடிக்கை.

ஒரு சாயங்காலம் மூலைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போன அப்பா, ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு திரும்பி வந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அப்பா, இன்னொரு சிலிப்பர் எங்கப்பா?”

அப்பா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அட, அதுக்குக் கொழுப்பப் பாரேன். சொல்லாம கொள்ளாம ஊர் சுத்தப் போயிருச்சு” என்று அவரும் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனார். கால்வாய் ஓரத்தில் கிடந்ததாகச் சொல்லி சிலிப்பரோடு வந்தார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “இங்க கூசுதா? இங்க?” என்று கேட்டார். கூச்சம் காட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்து நான் மறுபடியும் சிரித்தேன்.

மறுநாள் காலை பசியாறும்போது அம்மா சொன்னார்: “அந்த நீல வயரு எனக்குப் பிடிக்கல. பார்க்கவே அசிங்கமா இருக்கு. தீபாவளிக்கு நாலு பேரு வர்ற வீடு.”

அப்பா சீனி போடாத கறுப்புக் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் குடிப்பார். அது அவருக்குப் பிடித்த ருசி என்று நான் நம்பியிருந்த காலம். “உன் தம்பி வருத்தப்படுவானே” என்றார். “படட்டும்” என்றார் அம்மா.

சனிக்கிழமை அம்மா, பொட்டலம் கட்டும் சிவப்பு ராஃபியாக் கயிறு ஒன்றை எடுத்தார். அலமாரியின் பின்னாலிருந்து தொடங்கி, சுவர் ஓரமாகவே போய், மூலை திரும்பி, அடுப்படி வாசல் நிலைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கி ஸ்பீக்கர் வரைக்கும் அளந்தார். திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு முடிச்சு. பிறகு, சுவரில் உரிந்திருந்த சாயத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வயருக்கு இவ்வளவா?

டவுனில் மின்சாமான் கடை வைத்திருந்த சீன தௌக்கே, அதாவது முதலாளி, தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அம்மா ஸ்பீக்கர் வயர் என்றதும் தடித்த ஒன்றைத் தூக்கி மேசைமேல் போட்டார். “இது எடு தங்கச்சி. நல்ல சாமான். சத்தம் சும்மா சிங்கம் மாதிரி வரும்.”

“சிங்கம் எனக்கு எதுக்கு தௌக்கே? வளையுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா அதை எடுத்து மேசை விளிம்பில் மடித்துப் பார்த்தார். துள்ளியது. ஒதுக்கிவிட்டார். கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒரு தட்டையான வெள்ளை வயர் இறங்கியது. அதில் இரண்டு வகை வெள்ளை இருந்தன. அம்மா சாயத் துண்டைக் காகிதத்திலிருந்து எடுத்து இரண்டின் மேலும் வைத்துப் பார்த்து, லேசாகப் பழுப்பேறிய வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். கடையிலேயே மலிவானது அதுதான் என்று தௌக்கே ஒருவித வருத்தத்தோடு சொன்னார். “அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார் அம்மா. ராஃபியாக் கயிற்றை நீட்டி, அதே நீளத்துக்கு வெட்டி வாங்கினார். அந்த வயரின் ஒரு பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. எது எந்தத் துளைக்கு என்று அதை வைத்துத்தான் அடையாளம் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு அதுகூடக் கண்ணை உறுத்தியது. சிவப்புக் கோட்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தே ஆணி அடித்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முக்காலியைப் பிடித்தேன்.

வேலை முடிந்து வந்த அப்பா, வயர் எங்கே என்று தேடினார். கண்ணுக்குத் தெரியவில்லை. பாயும் இல்லை. ஹால் தரை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

“ஏன் மாத்தின?”

“பார்க்க அழகா இருக்கணும்ல.”

அப்பா பாட்டுப் போட்டார். எனக்குக் கேட்ட வரையில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மாமா வருவதாக இருந்தது. அவர் முகம் வாடிப்போகுமே என்ற கவலை எனக்கு. நீல வயரை அம்மா அலமாரிக்குள் சுருட்டி வைத்திருந்தார். மத்தியானம் அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது, நான் வெள்ளை வயரின் முனைகளைப் பிடுங்கிவிட்டு நீல வயரைச் செருகினேன். அது பழையபடி ஹாலின் குறுக்கே கிடந்தது. மாமாவுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுப்படியிலிருந்து அப்பா முறுக்கு டின்னோடு வந்தார். கால் வயரில் மாட்டியது. அவர் நிற்கவில்லை. மாட்டிய காலை இழுத்துக்கொண்டே இன்னும் ஓரடி வைக்கப் பார்த்தார். டின் பறந்தது. அப்பா அலமாரியைப் பிடித்து, அதுவும் சரிய, முட்டி போட்டு விழுந்தார். ஸ்பீக்கர் அவர் கால்மேல் சாய்ந்தது. ஹால் முழுக்க முறுக்கு.

அம்மா ஓடி வந்தார். வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை. அம்மா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். “வீட்ட அழகா வைக்கத் தெரியாதா உனக்கு?” என்று கத்தியவர், ஏனோ உடனே அழுதார்.

“பிள்ளைய ஏன் அடிக்கிற? எனக்கு ஒன்னும் இல்ல” என்று அப்பா எழுந்து வந்து என்னைத் தூக்கிவிட்டார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் சிவப்புச் சொட்டுகள். பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது.

“அப்பா, ரத்தம்!”

அப்பா குனிந்து பார்த்தார், சிலிப்பரைத் தொலைத்த அன்றைக்குப் பார்த்த மாதிரியே. “வலிக்கலம்மா” என்றார். உண்மையாகவே வலிக்காதவர் முகம். நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் மாமா வருவதற்குள் அம்மா வெள்ளை வயரை மறுபடியும் செருகியிருந்தார். மாமா கட்டுப் போட்ட காலைப் பார்த்து விசாரித்தார். “கதவுல இடிச்சிக்கிட்டேன்” என்றார் அப்பா. பிறகு பாட்டுப் போட்டதும், வயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமலே மாமா கண்ணை மூடித் தலையாட்டினார். “கேட்டியா அக்கா? இதான் நம்ம வயரு. என்னமா சத்தம்!”

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “ஆமா மச்சான், மூச்சுகூட கேக்குது” என்றார் அப்பா.

அந்தக் காயம் ஆற மூன்று மாதம் ஆனது. பள்ளி திறந்ததும் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் அப்பா மிகவும் தைரியசாலி, நகமே பெயர்ந்தாலும் அவருக்கு வலிக்காது என்று எழுதினேன். ஆசிரியை ‘மிக நன்று’ என்று போட்டார். அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு நோட்டை மூடினார். நெடுநேரம் என் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அறைந்ததற்காக இப்போதாவது வருந்துகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு இருக்கும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும் என்பதை என் முதல் பிரசவத்தின்போது மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில்தான் படித்தேன். உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழவே எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. காலுக்காகத்தான் என்றால் எந்த மெல்லிய வயரும் போதுமே. சாயத் துண்டைப் பெயர்த்து எடுத்துப் போனாரே, சிவப்புக் கோட்டைத் திருப்பி வைத்தாரே, அது எதற்கு? ஒருவேளை அழகும் உண்மைதானோ? அல்லது பொய் சொல்வதானாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ?

அப்பாவுக்கு இப்போது இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறார். “அவர்கிட்ட வெளிப்படையா பேசு, சின்னப் பிள்ளையா அவரு?” என்கிறார் என் கணவர். கிளினிக் தாதியும் அதையே சொல்கிறார். எங்கள் வீட்டில் தவழும் குழந்தை வேறு. தரையில் எது கிடக்கிறது என்று நான் ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறேன்.

நேற்று நான் சுவர் ஓரமாக வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். ராஃபியாக் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு, கடையில் இருந்ததிலேயே மலிவான தட்டை வயரை வாங்கியிருந்தேன். அப்பா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் அவர் காலடியில். காலின் மேல் குழந்தை ஏறி உட்கார்ந்திருந்தது, அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

“வெள்ளையா வாங்கினியா?” என்றார்.

“ஆமாப்பா.”

“ஏன்?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “பார்க்க அழகா இருக்கும்ப்பா” என்றுதான் வந்தது.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்கம்மாவும் அதைத்தான் சொன்னா.”

அவ்வளவுதான் சொன்னார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா?

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உண்மையை எடுத்துச் சொல்கிறீர்களா, அல்லது அழகுக்காக என்றே சொல்லிவிட்டுப் போகிறீர்களா? நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.