ஐந்தால் வகுக்க மறந்த கணக்கு

கோமதி இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் கண்ணமங்கலம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, டிரைவர் இன்னும் டீயை முடிக்கவில்லையே என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். திங்கட்கிழமை என்னோடு சண்டை போட்டவர் வெள்ளிக்கிழமை இல்லை. இதை எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவருடைய முள்ளிப்பட்டு உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மருந்து தயாரிக்கும்போது சில வேதிப்பொருட்கள் மாத்திரையில் துளியளவு தங்கிவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு அதில் எவ்வளவு விழுங்கினால் கெடுதல் இல்லை என்று நான் கணக்குப் போடுவேன், கோமதி சரிபார்ப்பார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நான் எந்த எண்ணை நீட்டினாலும் அவரது முதல் கேள்வி, அந்த மாத்திரையை ஒருவர் எவ்வளவு காலம் சாப்பிடுவார் என்பதுதான்: "எத்தினி நாளைக்கு?"

"ஜல்தி பாருங்க மேடம், பேக்டரிக்காரன் போன்ல கத்திகினு இருக்கான்" என்று நான் அவசரப்படுத்துவேன்.

"அவன் கத்துனா உங்க காதுதான் வலிக்கும் சார். மாத்திரை சாப்புடுறவங்களுக்கு இன்னா வலிக்கும்னு பாக்கலாம், உக்காருங்க."

ஒரு பிரஷர் மாத்திரை. எலிகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வை வைத்து வரம்பு போட்டேன். ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரைக்கு அந்த ஆய்வு போதாது. அதை ஈடுகட்ட எண்ணை மேலும் ஐந்தால் வகுக்க வேண்டும். அவசரத்தில் மறந்தேன். வரம்பு ஐந்து மடங்கு பெரிதாகிவிட்டது. நான் நச்சரித்த நச்சரிப்பில் அவரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அறிக்கை அனுப்பவிருந்த மதியம், சோற்றுக் கையோடு ஓடிவந்தார்.

"யோவ், எலி மூணு மாசம்தான்யா தின்னுச்சு! எங்கம்மா சாவுற வரைக்கும் திங்கணும்!"

"பக்கத்தை மாத்திடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். தப்பான எண்ணின்மேல், அதைப் படிக்க முடியும்படி, ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. கீழே காரணம்: 'ஐந்தால் வகுக்கவில்லை. கணக்கிட்டவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.' கோடு போடுவது எங்கள் எல்லோருக்கும் விதி. அந்த 'நானும்' எந்த விதியிலும் இல்லை. விசாரணை வந்தது, அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தப்பு செய்தவன் நான், கோபித்துக்கொண்டவனும் நான்தான்.

துக்கம் கேட்க கோமதியின் வீட்டுக்குப் போனபோது அவரது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே அந்த ஜல்தி சார்? உன்னப் பத்தி சொல்லிகினே இருப்பா." பிறகு தலைமாட்டிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்தார். "தைரியமா சாப்புடும்மா, நான் பாக்குறேன்னுவா. இனிமே யாருப்பா பாப்பாங்க?"

"நாங்க இருக்கோம்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

இப்போது என் மேசையில் ஒரு கணக்கு கிடக்கிறது. 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலி. நான்காவது தடவையாக முதலிலிருந்து போடுகிறேன். பேக்டரியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டே சொல்: எத்தினி நாளைக்கு? அதற்குப் பதில் கிடைக்கும்வரை போனை எடுக்கப்போவதில்லை.