கல் கிடந்தது, எறியவில்லை

என் அப்பா குற்றாலத்தில் ஒரு துரையின் பங்களாவில் பட்லராக இருந்தார். துரை குடும்பம் சாரல் காலத்தில் மட்டும் வரும். மற்ற மாதங்களில் பங்களாவைக் காத்துக்கொண்டு நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். சின்ன வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது அந்த வீட்டுத் துரைசானி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி புகட்டினாள் என்று அம்மா சொல்வாள். பாளையங்கோட்டைக்குப் போய் நான் வாத்திச்சி வேலைக்குப் படித்ததும் அவர்கள் தயவால்தான்.

அதனால் சர்க்கார் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ராஜாவுக்காக ஜெபம் சொல்லும்போது மற்றவர்கள் இருமுவார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஆளுகிறவர்களைக் கர்த்தர்தான் ஏற்படுத்தியிருக்கிறார், அதற்குமேல் நமக்கென்ன பேச்சு என்று இருந்தேன். கதர் கட்டிக்கொண்டு தெருவில் பாட்டுப் பாடிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். வேலையற்றவர்கள் என்று நினைப்பேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மிஷனைச் சேர்ந்த பள்ளிக்கூடம். கணவர் காலமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கென்று இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், கேஸ் விவரம் எழுதுகிற வேலை. ஆராதனை முடிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அது தவறாத வழக்கம்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா குற்றாலத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களிடம் சில காகிதங்களைக் கொடுத்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. தென்காசிக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். வழியோரக் கள்ளுக்கடை முன்னால் கதர் கட்டிய நாலு பேர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மறியல். குடிக்கப் போகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, "போகாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

போலீஸ் வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு இன்ஸ்பெக்டரும் ஏழெட்டு கான்ஸ்டபிள்களும். எழுந்திரு என்றார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. அடிக்க ஆரம்பித்தார்கள். என் வண்டிக்கும் அவர்களுக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைவது மாதிரி சத்தம். ஒருத்தன், வடகரைப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பையன் என்று பிற்பாடு தெரிந்தது, இருபத்தைந்து வயதிருக்கும், மண்டை உடைந்து என் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தான். விழுந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வண்டிக்காரரிடம், "மூக்கணாங்கயித்தப் பிடிங்க அண்ணாச்சி. மாடு மெரளுது, அம்மா உள்ள இருக்காவ" என்றான்.

வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்தார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

மறுநாள் அண்ணன் தனியாக வந்தான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேச்சை எடுத்தான்.

"ஏட்டி, நேத்து நீ அங்கன வண்டியில இருந்திருக்கே. இன்ஸ்பெக்டர் உன்னைப் பாத்திருக்காவ. கேசுல நீ சாட்சி சொல்லணும்."

"என்ன கேசு?"

"மறியல் பண்ணுனதோட, போலீஸ் மேல கல்லெறிஞ்சானுவன்னு கேசு."

"யாரும் எறியலையே அண்ணே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோட்டுல கல்லு கெடந்துதா இல்லையா?"

கிடந்தது. ரோடு போடுவதற்காகச் சரளைக்கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் சிதறியும் கிடந்தது. "கெடந்துது" என்றேன்.

"அதைச் சொல்லு, போதும். கல்லு கெடந்துதுன்னு சொல்லு. எறிஞ்சானுவன்னு சொல்லச் சொல்லலையே. பொய் சொல்லச் சொல்லுவேனா உன்ன? மிச்சத்த மத்தவங்க சொல்லுவாவ. நீ வேதக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சரு. உன் வாயில இருந்து ஒரு வார்த்த வந்தா அதுக்கு மதிப்பு."

சரி என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று கேட்டால், அண்ணன் கேட்டான் என்பது ஒன்று. சர்க்கார் ஆட்கள் கேட்கிறார்கள், காரணம் இல்லாமல் கேட்கமாட்டார்கள் என்பது இன்னொன்று. அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குக் கண்டுபிடிக்கவும் தெரியவில்லை.

கேஸ் வருவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடந்தது. எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை உண்டு. செய்த குற்றத்தோடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சேர்த்து அறிக்கையிடுவோம். ஆறு வயதிலிருந்து சொல்லி வருவதால் என் வாய் அதைத் தானாகவே சொல்லிவிடும். அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வாய் ஓடவில்லை, அந்த இடத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் என்னவென்று திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று மனதில் ஏறிக்கொண்டது. ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்புமுன் ஆலோசனைச் சங்கத்தில் விசாரணைக்கு நிறுத்தியபோது எதிர்ச்சாட்சி சொன்னவர்களைப் பற்றி தபசு காலமான லெந்து நாட்களில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் ஒன்றுமில்லாததை இட்டுக்கட்டவில்லை. தேவாலயத்தை இடிப்பதையும் கட்டுவதையும் பற்றி அவர் ஏதோ சொல்லியிருந்தது வாஸ்தவம். அந்த வாஸ்தவத்தில் ஒரு துண்டை எடுத்துத்தான் நீட்டினார்கள். வேதம் அவர்களைப் பொய்ச்சாட்சிகள் என்றுதான் சொல்கிறது. அவர்களில் ஒருத்தன் வீட்டிலும் அண்ணன் தம்பி வந்து, கேட்டதை மட்டும் சொல்லு, போதும் என்று சொல்லியிருப்பானோ என்று நினைத்தேன்.

கோர்ட்டில் நாலு பேரும் நின்றார்கள். வடகரைக்காரன் தலையில் கட்டு. எதிர்வழக்காடப் போவதில்லை, சாட்சிகளைக் கேள்வி கேட்கப் போவதுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள் கல்லெறிந்த கதையைச் சொன்னார்கள். அப்புறம் என்னைக் கூண்டில் ஏற்றி, கையில் வேதபுஸ்தகத்தைக் கொடுத்தார்கள். அட்டை கிழிந்த பழைய புஸ்தகம். எத்தனை பேர் கை பட்டதோ, ஓரம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. சத்தியம் செய்தேன்.

போலீஸ் தரப்பில் கேஸ் நடத்திய இன்ஸ்பெக்டர் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். "அன்றைக்கு அந்த இடத்தில் கல் கிடந்ததா?"

"கிடந்தது."

"சரி, போகலாம்."

நான் இறங்கவில்லை. "ஐயா, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் உரக்கச் சொல்லும்படி சொன்னார். "கல் கிடந்தது. ரோடு போடக் கொட்டின கல். யாரும் அதை எடுக்கவில்லை, எறியவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அடித்தார்கள்."

அண்ணன் கதவோரம் நின்றான். அவன் பக்கம் நான் திரும்பவில்லை.

கல்லெறிந்த குற்றம் நிற்கவில்லை. மறியலுக்காக நாலு பேருக்கும் மூன்று மாதம் கிடைத்தது. நான் சொன்னதால் யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை.

மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள் தமிழ் எப்போதும் புஸ்தகத் தமிழ். "நீ அங்கே சொன்னது மெய்தானா?" என்று கேட்டார்கள். மெய்தான் என்றேன். "அப்படியானால் உன்னைக் கண்டிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனாலும் எனக்குத் துக்கமாயிருக்கிறது" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வருஷம் எனக்கு வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த தலைமை வாத்திச்சி வேலை வேறொருத்திக்குப் போயிற்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணனைப் பக்கத்து ஊர்களில் எங்கேயும் போடாமல் ஜில்லாவின் கீழ்க்கோடிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அண்ணிதான் வந்து, "அவுக கோவமா இருக்காவ, இப்போ பேச்சு எடுக்காதீங்க. ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வடகரைக்காரன் விடுதலையானதும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றான். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம், அதில் நான் வந்து பேச வேண்டும் என்றான்.

"நான் உங்களுக்காகச் சொல்லலப்பா" என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா. அதனாலதான் கூப்பிடுதேன்."

நான் போகவில்லை. கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனால் அன்றிலிருந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அதைக் கையால் தொடமாட்டேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அந்தப் பங்களா மனிதர்கள் நல்லவர்கள். அவர்களுடைய நல்ல குணத்தைச் சர்க்காரின் குணம் என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்களுக்கு நன்றி செலுத்த வேண்டியது வேறு. என் வாயிலிருந்து ஒரு பாதி உண்மை வந்தால்தான் ஒரு கேஸ் நிற்கும் என்றால், அந்த ஆட்சியைக் கர்த்தர் நாட்டியது என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் இருக்க முடியாது. ராஜாவுக்காக ஜெபிப்பதை நான் விடவில்லை. முன்பு அவருக்கு நீடித்த ஆட்சி வேண்டும் என்று கேட்டேன். பிறகு அவருக்கு நல்ல புத்தி வேண்டும் என்று கேட்டேன். கதர்க்காரர்கள் சொன்னதெல்லாம் சரியென்றும் எனக்குப் படவில்லை. இந்த நாட்டை இந்த நாட்டார் ஆள வேண்டும் என்பது மட்டும் மனதில் படிந்துவிட்டது.

சில வருஷம் கழித்து எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு வந்தது. கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தொகுதி, தனித் தேர்தல். சபைப் பெரியவர்கள் ஒருவரைக் காட்டி, இவருக்குத்தான் என்றார்கள். நான் கதர்க்காரர்களோடு நின்ற கிறிஸ்தவருக்குப் போட்டேன். கேட்டவர்களிடம் மறைக்கவுமில்லை.

அந்த மாதமே அண்ணன் வந்தான். பென்ஷன் வாங்கிவிட்டான், தலை நரைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கதர்க்காரனுக்குப் போட்டியாமே."

"ஆமா அண்ணே."

"அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாவ?"

"ஏசியிருப்பாவ."

அவன் தலையை ஆட்டினான். பிறகு மெதுவாக, "கல்லெறிஞ்சானுவன்னு எழுதினது நான்தான். இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏன்னு ஒரு வார்த்த கேக்கலட்டி" என்றான். அடுப்பில் குழம்பு இருந்தது. இலை போட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜெபம் நீயே சொல்லு என்றான், சொன்னேன்.