மடங்கிப்போன மச்சான்

மகளின் காதுகுத்து வேலைகள் மறக்காமலிருக்க, மனவரைபடம் போடும் செயலியைச் செல்போனில் இறக்கினேன். நடுவில் ‘காதுகுத்து’ என்றொரு வட்டம். சுற்றிலும் பந்தல், சமையல், சொந்தபந்தம் என்று கிளைகள். அதைப் பார்த்தே எல்லோரையும் அழைத்தேன்.

விசேஷத்துக்கு முதல்நாள் மனைவி கேட்டாள்: “பரளச்சிக்குப் போனீகளே, எங்கண்ணன் என்ன சொன்னாரு?”

போகவே இல்லை. என் பெருவிரல் பட்டு வரைபடத்தில் அவள் வீட்டுக் கிளை மொத்தமும் மடங்கி மறைந்திருந்தது. தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்தா? பதறிப்போய்த் தட்டினால் பந்தல் விரிகிறது. மறுபடி தட்டினால் சமையல் விரிகிறது. எரிச்சலில் போனைப் பையில் போட்டுக்கொண்டு பரளச்சிக்கு பைக்கில் பறந்து, மச்சான் முன்னால் குனிந்து கும்பிட்டேன்.

“போனுல நீங்க மடங்கிட்டீக, மச்சான்.”

“நான் மடங்கல மாப்ள. நீங்கதான் மடங்கி நிக்கிறீக. போங்க, வாரேன்.”

இப்போதும் வரைபடம் போடுகிறேன். எந்த விசேஷமானாலும் நடுவட்டத்தில் மச்சான் பெயர்தான். அந்த ஒன்றை மட்டும் மடக்க முடியாது.