பத்திரிகையில் அச்சான படிப்பு

என் தம்பி சென்னப்பனுக்கு ஒரே மகள் ரேவதி. எங்கள் ஆட்கள் உத்தனப்பள்ளியில் பாதி, சித்தப்பா வழியில் வேப்பனப்பள்ளியில் கொஞ்சம், அம்மா வழியில் கெலமங்கலத்தில் மீதி. இந்த மூன்று பக்கத்திலும் இன்ஜினியரிங் காலேஜுக்குள் கால் வைத்த முதல் பிள்ளை அவள்தான்.

நாலு வருஷம் பஸ்ஸில் போய் வந்தாள். முடிந்ததும், "பாஸாயிட்டேம்பா, சர்டிபிகேட் வரணும்" என்றாள். தோட்டத்தில் தக்காளி போடுகிற தம்பிக்கு அதற்கு மேல் என்ன கேட்கத் தெரியும்? ஓசூர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். இன்ஜினியர் வேலை என்றே நினைத்துக்கொண்டோம். தொரப்பள்ளியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மாதவன் நல்ல பையன், நிச்சயமாயிற்று. பத்திரிகையில் மகள் பேருக்குப் பக்கத்தில் பி.இ. என்று பெரிதாகப் போடச் சொன்னது தம்பிதான். பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று ரேவதி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். திரும்பக் கட்டிலேயே செருகிவிட்டாள்.

நானும் தம்பியும் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்த வீட்டை விட்டால் சண்டை வரும் என்பது எனக்குத்தான் தெரியும். நாலு நாளில் நாற்பத்தொரு வீடு. கடைசியாக வேப்பனப்பள்ளி நாராயணம்மா சின்னம்மா. அதற்கு எழுத்துத் தெரியாது.

"பொண்ணு பேரு எங்கடா இருக்குது?" என்று கேட்டது.

தம்பி விரல் வைத்துக் காட்டினான். "இது ரேவதி. இது அவ படிப்பு."

சின்னம்மா அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். காபி கொண்டுவந்த ரேவதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நான் பாஸாவலை. ஒம்பது பேப்பர் அரியர்."

"அரியர்னா?"

"ஃபெயிலுப்பா. கம்பெனியிலயும் இன்ஜினியர் இல்ல. காண்ட்ராக்ட்ல, பார்ட்ஸ் பூட்டுற லைன்ல நிக்கிறேன்."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "காலேஜ்காரன் ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்க மாட்டான். நீ தமிழ்ல படிச்ச புள்ள. மாப்பிள்ளை வீட்டுல அப்படியே சொல்லிடலாம்" என்றேன்.

"வேணாம் அத்தை. என்கூடத் தமிழ்ல படிச்ச அஃப்ஸானா பாஸாயிட்டா. மொத வருஷம் எனக்குப் புரியல, அது நெசம். கேட்டிருக்கலாம், கேக்கல. அப்புறம் பரீட்சை அன்னிக்கே பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டுத் திரும்பி வந்தேன். நாலு தடவை. அது யாரு தப்பு?"

தம்பி எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். காபி ஆறிப்போயிற்று.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அவளே தொரப்பள்ளிக்குப் போனாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நாகம்மாள் கோபப்படவே இல்லை. "படிப்பு போனா போவுதும்மா. பத்திரிகை அச்சடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தியே, இன்னும் என்னா வருமோன்னு நாங்க பயந்துகிட்டே இருக்கணுமே" என்றாள். அதில் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. மாதவன் நாங்கள் பஸ் ஏறும் வரை வெளியே வரவில்லை.

கல்யாணம் நின்றது. ரேவதி என்னிடம் வந்து, "பத்திரிகை வச்ச வீடெல்லாம் வரிசையா சொல்லு அத்தை. அப்பா பொய்யை அச்சடிச்சாருன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியாதுன்னு நான் போய்ச் சொல்றேன்" என்றாள். வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அந்த நாளில் நாலு வீடு, ஐந்து வீடு என்று நடந்தாள். கெலமங்கலத்தில் என் மாமன் மருமகள், "வாங்க இன்ஜினியரம்மா, வீடு வீடா இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள். ரேவதி, "ஆமாங்கக்கா, என் தப்பைத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தாள்.

நாராயணம்மா சின்னம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பத்திரிகையை எடுத்து வந்தது. "இந்த எழுத்து ஒண்ணுதானே கண்ணு தப்பு?" என்று விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தது. அது வழவழப்பான காகிதம், எழுத்து போகவில்லை. எந்த வீட்டிலும் அழாத பெண் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வருஷமாயிற்று. ஷிப்ட் முடிந்து வந்து படித்து ஆறு பேப்பர் பாஸாகியிருக்கிறாள். மூன்று பாக்கி. இன்னும் ஒரு தடவைதான் எழுத விடுவார்களாம். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் அப்பன் முன்னால் போய் நின்று, "இது வந்துதுப்பா, இது போச்சுப்பா" என்று சொல்கிறாள். அவன் தலையாட்டுவான். அவ்வளவுதான். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் அவன் இப்போது போவதில்லை.

போன மாதம் என் சின்ன மகன் கல்யாணப் பத்திரிகைக்குச் சரிபார்க்க மாதிரி அச்சு வந்தது. உறவுக்காரர் பேர்களில் ரேவதியும் உண்டு. அச்சாபீசில் கேட்டதைத் தம்பியிடம் கேட்டேன்: "ரேவதிக்குப் பின்னால என்னாடா போடணும்?"

காகிதத்தை வாங்கி அவள் பேரில் விரல் வைத்தான். "பேரு மட்டும் போடச் சொல்லுக்கா."

வாசலில் கம்பெனி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த ரேவதி தலை நிமிரவில்லை.

"கல்யாணத்துக்கு வந்துடுடா" என்றேன்.

"அன்னிக்குத் தக்காளி பறிப்பு இருக்குதுக்கா" என்றான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. அவன் இன்னும் நாற்றே நடவில்லை.