இரண்டு அட்டை தொங்கிய கதவு

இங்கே அயர்லாந்தில் குளிர்காலம் வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை, கிருமியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஃப்ளூக்காரர்களுக்கு ஓர் அறை. ஆர்எஸ்வி என்கிற இன்னொரு சளிக்கிருமி பிடித்தவர்களுக்கு வேறோர் அறை. எனக்கு இரண்டும் இருந்தது. எந்த அறையில் படுக்க வைத்தாலும் அங்கே இல்லாத ஒன்றைக் கொடுத்துவிடுவேனாம். அதனால் தரைத்தளத்துக் கோடியில் தனியறை. கதவில் கிருமிக்கு ஒன்றாக மஞ்சளும் நீலமுமாக இரண்டு எச்சரிக்கை அட்டை, மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

ஒரு வாரமாக யாரோடெல்லாம் நெருங்கி இருந்தேன் என்று நர்ஸ் ஈஃபா கேட்டாள். விரல்விட்டுப் பதினேழு பெயர் சொன்னேன்.

“வீட்டில் விருந்தா?”

“இல்லை. எனக்குக் காய்ச்சல்.”

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். காய்ச்சல்காரன் வீட்டுக்கு ஏன் பதினேழு பேர் வரவேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வராமல் எப்படி இருப்பார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில், வடசேரியில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். உட்கார இடமில்லாமல் என் காலை ஒதுக்கிக் கட்டிலிலேயே உட்கார்ந்தார்கள். வராத ஒரே மாமாவோடு அம்மா இரண்டு வருஷம் பேசவில்லை. நாம் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வழக்கமும் பெட்டிக்குள் ஏறிக்கொள்கிறது. இங்கே நான் ஃப்ளூவில் படுத்த மறுநாளே எங்கள் ஊர்ப்பக்கத்துக் களியக்காவிளை ஜெபின் தூக்குவாளியில் கஞ்சியும் பயறுமாக வந்தான். நர்சரிக்குப் போகும் அவன் மகளுக்குச் சளி. அவனுக்கும் தொண்டை கரகரத்தது. ஐந்தாம் நாள் எனக்கு மூச்சு முட்டியது.

இரண்டாவது கிருமி என்று கேள்விப்பட்டதிலிருந்து ஜெபின் போனை எடுக்கவில்லை. “அண்ணனைக் கொல்லப் பாத்தேனே” என்று வீட்டில் அழுதானாம். யாரிடமிருந்து ஒட்டியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. இந்த நாட்டில் எனக்குத் தம்பி என்று இருப்பவன் அவன் ஒருவன்தான். மூச்சு திரும்பி, அவன் திரும்பாமல் போய்விட்டால் என்ற பயம் நெஞ்சில் சளியைவிடக் கனத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் அவனை அவன் மனைவியின் போனில் பிடித்தேன்.

“ஏலே மக்கா, நீ கஞ்சி கொண்டுவந்தியா, கிருமி கொண்டுவந்தியா?”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ரெண்டும் ஒரே தூக்குவாளியிலதான் இருந்திருக்கும் அண்ணே.”

“அப்போ கஞ்சிய மட்டும் தனியா எடுத்துட்டு வா. இங்க தாற சாப்பாட்டுல உப்பே இல்ல.”

வந்தான். உள்ளே விடவில்லை. வாளியை ஈஃபா வாங்கி வந்தாள். அவனோ போகாமல் என் ஜன்னலுக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், காதுவரை மூடிக்கொண்டு நின்றான்.

“குளிர்கிறதே, அவரைப் போகச் சொல்லுங்கள்” என்றாள்.

“அவன் இன்னும் பார்த்து முடிக்கவில்லை” என்றேன்.

அவள் ஜெபினை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் வெளியே ஒரு நாற்காலி போனது. ஜெபின் அதை இழுத்துப் போட்டு, கண்ணாடியோடு முகம் ஒட்டி உட்கார்ந்தான். இந்தப் பக்கம் என் மூச்சு, அந்தப் பக்கம் அவன் மூச்சு, கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் துடைத்துத் துடைத்து, மறு கையால் கஞ்சி குடித்தேன். பாதி மங்கல் என் கைக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது. அதை அவன் துடைத்தான்.