மூடிய பெட்டியின் படங்கள்

கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. வளைகுடா நாட்டு எண். எடுக்கவில்லை. அப்போதுதான் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவை விட்டு இறங்கியிருந்தேன். தோள் பையில் சில சட்டைகளும் உடுத்திக்கொள்ள ஒரு சாரமும். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவனுக்கு வேலையை விட்டு நடப்பது புதிதில்லை. அந்த எண்தான் கூடவே வந்தது.

அந்தக் கரையில் சாவு வீட்டுக்கும் போட்டோக்காரர் போவது வழக்கம். கல்ஃபிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்கு சிடி போகும். பல நாள் கடலில் கிடந்து பிணமாய்க் கரை ஒதுங்கிய ஒருவரின் அடக்கத்துக்கு நானும் ஸ்டுடியோ நடத்திய அண்ணனும் போனோம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள் ஊரார். இறந்தவரின் மனைவிதான் விடவில்லை. "கல்ஃபுல கெடக்க மோன் நம்பமாட்டேங்கான் மக்கா. அப்பா எங்கயோ கரையேறி இருப்பாருன்னு சொல்லுகான். மொகத்த நல்லா எடு" என்றாள். என் கேமராவுக்காகக் கொஞ்ச நேரம் திறந்தார்கள். பிறகு ஆணி அடித்தார்கள். மாதா கோவிலிலும் கல்லறையிலும் அண்ணன் எடுத்ததெல்லாம் மூடிய பெட்டிதான்.

அண்ணன் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளை அடித்தே படங்களை நகலெடுப்பார். "மவுசப் புடிச்சு இழுத்துட்டுக் கெடந்தா விடிஞ்சிரும்லே" என்று என்னைக் கேலி செய்வார். என் கார்டில் இருந்ததை ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுத்தார். பிறகு தன்னுடையதையும் அதே ஃபோல்டருக்குள் நகலெடுத்தார். இரண்டும் ஒரே வகைக் கேமரா. கார்டிலுள்ள படங்களைத் துடைத்துப் போட்டால் இரண்டுமே முதல் எண்ணிலிருந்து படங்களுக்குப் பெயர் வைக்கும். ஒரே பெயரில் ஃபைல் வந்தால் பழையதை அழித்து அதன்மேல் எழுதவா என்று கணினியைக் கேட்க வைக்க, கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். கேள்வி கேட்டால் எரிச்சல் என்று அண்ணன் அதைச் சேர்ப்பதில்லை. திரை ஒன்றும் சொல்லவில்லை. கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. அவர் எடுத்த படங்கள் அதிகம். அவை அதே பெயர்கொண்ட என் படங்களை அழித்து அமர்ந்ததில், என்னுடையதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று சாயங்காலமே கார்டுகளைத் துடைத்து, ஒரு கல்யாணத்தை அவற்றில் நிரப்பிக்கொண்டு வந்தோம்.

சிடி போடும்போதுதான் தெரிந்தது. பெட்டி, பெட்டி, பெட்டி. முகம் இல்லை.

"வைரஸ் தின்னுட்டுன்னு சொல்லிரு" என்றார் அண்ணன். அந்த அம்மாவிடம் நான் நடந்ததையே சொன்னேன். அவள் அழவில்லை. மகன் கேட்பான் என்று என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். "ஏலே, கடைய மூட வைக்கவா வந்த? எறங்கு" என்றார் அண்ணன்.

கடற்கரைச் சாலையில் போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, அது அப்பாவேதானா?"

"உயிரோட நான் அவரப் பாத்ததே இல்ல தம்பி."

"இடது புருவத்துல ஒரு வெட்டு உண்டு. கண்டீங்களா?"

நின்றுவிட்டேன். வெளிச்சம் போதாமல் தவித்தது, மூக்கிலிருந்த பஞ்சு, குனிந்த தலைகளின் நிழல் எல்லாம் நினைவிருந்தது. புருவம் நினைவில் இல்லை.

"தெரியல" என்றேன்.

"அப்போ நீங்களும் காணல." அவன் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "அப்பா வருவாரு அண்ணே. தாலியக் கழத்தாண்டாம்னு அம்மைக்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலை, கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களைப் படமெடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். முதலில் வந்து நின்றவர் ஒரு வடநாட்டுப் பெரியவர். கேமராவைத் தாழ்த்திவிட்டு அவர் நெற்றியை, புருவங்களை, காதோரத்தைப் பார்த்தேன்.

"ஏலே, மாப்பிள்ள பாக்க வந்தியா? சட்டுனு எடு" என்று பக்கத்தில் நின்ற போட்டோக்காரன் சிரித்தான். பெரியவரின் சிரிப்பு மெல்ல மறையத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.