கரும்பு டிராக்டர் அறுக்காத ஒயர்

நெட் போகவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

கரும்பு டிராக்டர் ஒயரை அறுத்துவிட்டது என்று என் அப்பாவிடம் சொன்னது பொய். தம்பியிடம் சொன்னதும் அதே பொய். அந்த ஒயர் அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது. தெருக்கம்பத்திலிருந்து எங்கள் மாடிக்குத் தொங்குகிறது. காக்கை உட்கார்ந்தால் ஆடுகிறது. அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

நான் வடக்கனந்தலில் அப்பாவின் வீட்டில் இருக்கிறேன். என் கணவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அவர் செத்த பிறகு, பிள்ளையும் இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துணிமணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அம்மா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். தங்கை கோமதிக்குத் தலை பின்னி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான். தம்பி முருகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான்.

கோமதி வெள்ளிமலை ஜீப் டிரைவர் ஒருவனோடு கல்வராயன் மலைக்குப் போய்விட்டாள். மலைக்காரன், வேறு ஆள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா கொல்லையில் உட்கார்ந்து தலை முழுகினார். தண்ணீர் மொண்டு ஊற்றியவள் நான். “அது செத்துப் போச்சி. இனிமே அது பேச்ச எடுக்கக் கூடாது” என்றார். நாங்கள் எடுக்கவில்லை.

அவளை அவர் எப்போதும் ‘அது’ என்றுதான் சொல்வார். அது தூங்கிச்சா, அது சாப்ட்டுச்சா. என்னைச் சொல்லும்போது ‘பெரியவ’. பெரியவ எங்க போனா, பெரியவளக் கூப்டு. தலை முழுகியபோதுகூட அவள் ‘அது’தான். கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

சில வருடங்கள் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் நாலைந்து சொற்கள் மிஞ்சின. தண்ணி. ஒண்ணுக்கு. போதும். வந்துச்சா. கரண்ட் போனால் ‘வந்துச்சா’ என்பார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ‘வந்துச்சா’ என்பார். வந்துச்சிப்பா, வரலப்பா என்று நான் பதில் சொல்வேன். அதுதான் எங்கள் பேச்சு.

கழுவி, துடைத்து, திருப்பிப் போட்டு, ஊட்டி... ஒருநாள் இரண்டு நாள் இல்லை. செய்தவர்களுக்குத் தெரியும். செய்யாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

பொங்கலுக்கு வந்த முருகன் ஒரு பெரிய ஸ்மார்ட் டிவியை வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டினான். படுத்தே கிடப்பவர் பொழுது போக்கட்டும் என்றான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால், டிவியில் வருகிற எழுத்தையெல்லாம் தமிழுக்கு மாற்றிவைத்தான். நெட்காரர்கள் வந்து ஒயர் இழுத்தபோது அவன் லீவு முடிந்து போய்விட்டான். டிவியை நெட்டோடு சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் அவன் சொல்லச் சொல்ல நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

“பாஸ்வேர்ட் நம்ம மாட்டு பேருதான்க்கா. லட்சுமி. மொத எழுத்து மட்டும் பெருசு.”

“பெருசுன்னா? இங்க எல்லாம் சின்னதாதான்டா இருக்குது.”

“மேல பாத்தாப்ல ஒரு அம்பு இருக்குதா? அத்த அமுக்கு.”

“அமுக்குனா எல்லாமே பெருசாயிடுச்சி!”

“ஐயோ... ஒரு எழுத்து அடிச்சிட்டு திரும்ப அத்தையே அமுக்குக்கா.”

“அங்க மாடு கத்திக்கினு இருக்குது, நான் இங்க அது பேர எழுதிக்கினு இருக்கேன். உனக்கு வேற பேரே கெடைக்கலியாடா?”

ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறியைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். அவசரத்தில் ஒரே எழுத்தை இரண்டு தரம் அமுக்கிவிட்டேன். ‘கடவுச்சொல் தவறு’ என்றது. திரும்ப முதலிலிருந்து. திரும்பத் தவறு. லட்சுமியைத் திட்டினேன், முருகனைத் திட்டினேன். பார்த்தால் அப்பா சிரிக்கிறார்! வாயின் இடது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. அவர் உதடு அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

அன்று அவர் என்னைத்தான் பார்த்தார். டிவியைப் பார்க்கவில்லை. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு கொஞ்ச நாள் நன்றாகப் போனது. மாட்டுச் சந்தை, கபடி, பழைய கூத்து என்று போட்டுவிட்டுப் போய் என் வேலையைப் பார்ப்பேன். ஒரு வீடியோ முடிந்தால் டிவியே அடுத்ததைப் போட்டுக்கொள்ளும். அப்படித்தான் ஒரு நாள் கல்வராயன் மலைச் சமையல் என்று ஒன்றை அதுவாகவே போட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். கட்டில் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அப்பா இடது கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார்.

“அது!” என்றார்.

திரையில் கோமதி. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு போட்டிருந்தாள். யார் யாருக்கோ கையாட்டி, “வணக்கம் சொந்தங்களே” என்றாள்.

தலை முழுகியவர்தானே? நிறுத்தச் சொல்வார் என்று ரிமோட்டை எடுத்தேன். அந்த இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார்! எங்கிருந்து வந்தது அந்த பலம்?

அன்றிலிருந்து அவருக்கு மாடும் வேண்டாம், கபடியும் வேண்டாம். கோமதிதான் வேண்டும். நான் முன்னால் நின்று கடைவாய் துடைத்தால், என்னைத் தாண்டித் திரையைப் பார்க்கத் தலையைச் சாய்ப்பார். நான் கஞ்சி ஊட்டுவேன். அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் விழுங்குவார். பொறாமைதான். வேறு பெயர் எதற்கு?

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு கருவாட்டுக் குழம்பால். நீங்கள் சிரிப்பீர்கள்... சிரியுங்கள்!

குழம்பை இறக்கிய பிறகு, கொதி அடங்குவதற்குள் மாங்காய்த் துண்டைப் போட்டு மூடிவைக்கிற பக்குவம் என்னுடையது. இங்கே திரும்பிவந்த வருடம், எத்தனையோ தரம் குழையவிட்டு, வீணாக்கி, நானாகக் கண்டுபிடித்தது. அதைத்தான் அன்று கோமதி செய்தாள். மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இது எங்கப்பா கைப்பக்குவங்க.”

அப்பா கைப்பக்குவமா! தீப்பெட்டி எந்த மாடத்தில் இருக்கிறது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். கண்ணில் நீர்.

என் கையில் அவருடைய மூத்திரத் துணி இருந்தது.

துணியை நனையப் போட்டுவிட்டு வந்து ரிமோட்டை எடுத்தேன். முருகன் சொல்லிக்கொடுத்த வழியிலேயே அமைப்புகளுக்குள் போனேன். எங்கள் நெட்டின் பெயர் வந்தது. கீழே கேட்டது: ‘இந்த நெட்வொர்க்கை மறந்துவிடவா?’

அந்தச் சொல்லை யார் அங்கே எழுதிவைத்தார்களோ தெரியவில்லை. அணைத்துவிடவா என்று கேட்டிருக்கலாம். மறந்துவிடவா என்று கேட்டது. அப்பாவின் உதடு அசைவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். படிக்கிறார். தெரிந்தும் ‘சரி’யை அமுக்கினேன்.

“நெட்டு பூட்ச்சிப்பா” என்றேன். “கரும்பு டிராக்டரு ஒயர அறுத்துட்டுப் பூட்ச்சி.”

வெட்டுக் காலம் அது. மலைபோல் கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் தெரு ஒயரை இழுத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் வழக்கம். யாரும் நம்புவார்கள். முருகன் நம்பினான். பச்சை விளக்கு எரிகிற நெட் பெட்டியைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தேன். என் போனில் நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை அப்பா கேட்டார்: “வந்துச்சா?”

“வரல.”

சாயந்திரம் கேட்டார். “வந்துச்சா?”

“வரலப்பா. வெட்டு முடியட்டும், வந்து கட்டுவாங்க.”

தினமும் கேட்டார். வெட்டுக் காலம் முடிந்தும் கேட்டார். ஒரு கட்டத்தில் எனக்குப் பதில் சொல்வது கூசவில்லை. பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வந்தாள். போனில் காசு தீர்ந்தால் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து எங்கள் நெட்டில் பேரனோடு பேசுவது அவள் பழக்கம். கட்டில் ஓரம் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னாள்:

“இன்னாடி அமுதா, ஒயரு அறுந்து பூட்ச்சின்னு உன் தம்பி சொன்னான்? எம் போன்ல சூப்பரா எடுக்குதே!”

அப்பா என்னைப் பார்த்தார். நேராக. நான் தரையைப் பார்த்தேன்.

அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கஸ்தூரி மக்கு இல்லை. புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, “பெரியவரு தேஞ்சிக்கினே போறாருடி. நான் வேணா சின்னவளுக்கு ஒரு வார்த்த சொல்லட்டுமா? மலைக்குப் போற பஸ்ல சொல்லிவுட்டாப் போதும்” என்றாள்.

“சொல்லிப்பாரு. அப்புறம் உன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்” என்றேன். அவள் சொல்லவில்லை.

இனி அப்பா கேட்க மாட்டார் என்று நினைத்தேன். நெட் இருக்கிறது என்றுதான் அவருக்குத் தெரிந்துவிட்டதே! ஆனால் மறுநாள் காலை, எதுவும் நடக்காததுபோல, அதே குரலில் கேட்டார்: “வந்துச்சா?”

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டே கேட்கிறார், கிழவருக்கு எவ்வளவு அழுத்தம் என்று நினைத்தேன். என் கோபம் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கத்தினேன்:

“வரல! வரவும் வராது! இனிமே கேக்காதப்பா, எனக்குத் தாங்கல!”

அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த கரண்டியை வாங்கவில்லை. அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்த வாரத்திலேயே, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில், போய்விட்டார்.

முருகன்தான் மலைக்குத் தகவல் சொன்னான். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு நான் வாசலில் நின்றேன். கஸ்தூரி முருகனிடம் கேட்டாள்:

“கோமதிக்குச் சொன்னியே, அது வந்துச்சா?”

“பஸ் ஏறிடுச்சாம்க்கா. வந்துக்கினு இருக்குது.”

குடம் கையிலிருந்து நழுவியது.

அது வந்துச்சா...

அவர் நெட்டைக் கேட்கவில்லை. நெட் இருப்பது தெரிந்த பிறகும் ஒரு மனிதர் ஏன் கேட்பார்? முதல் நாளிலிருந்தே அவர் கேட்டது அதைத்தானா, இடையில் மாறியதா? எனக்குத் தெரியாது. இனி யாரிடம் கேட்பது? அவர் தன் மகள் வந்தாளா என்று கேட்டார். நான் ஒவ்வொரு நாளும் வரவில்லை என்றேன். கடைசியில், வரவும் வராது என்றேன்!

கோமதி வந்தாள். அழுதாள். காரியம் முடிந்த மத்தியானம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் குந்தினாள். அவள் தலையிலும் நரை.

“அக்கா, கோச்சிக்காத. அந்தக் கருவாட்டுக் கொழம்பு உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா? அப்பா பேரச் சொன்னா, யாராவது பாத்துட்டு அவராண்ட போய்ச் சொல்லுவாங்க, மனசு எறங்கும்னுதான்க்கா அப்டி சொன்னேன். நேர்ல வந்தா தொரத்திடுவாருன்னு பயம்.”

நான் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்பனா என்ன கேட்டாராக்கா?”

சொல்லியிருக்கலாம். தினமும் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்பது. அதற்கு என்னிடம் என்ன பதில் இருந்தது? கரும்பு டிராக்டரா?

“இல்ல” என்றேன்.

“தெரியும்க்கா” என்று எழுந்து முந்தானையை உதறினாள். “தல முழுவுனவரு எப்டி கேப்பாரு.”

என்னைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

முருகன் ஊருக்குக் கிளம்புமுன் டிவியைத் திரும்ப நெட்டோடு சேர்த்துவிட்டான். “சும்மா சொல்லக் கூடாதுக்கா, ஒயரு நல்லாக் கட்டியிருக்கானுங்க” என்றான்.

இப்போது மத்தியான வேளையில் வேலை ஒன்றும் இல்லை. திருப்பிப் போட யாரும் இல்லை. கட்டிலை மடக்கவும் மனம் வரவில்லை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து டிவியைப் போட்டால், நான் தேடாமலேயே கோமதி வந்துவிடுகிறாள். போன வாரம் திரும்பவும் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாங்காய்த் துண்டைப் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“இது எங்கக்கா கைப்பக்குவங்க” என்றாள். “அப்பாவ கடைசி வரைக்கும் பாத்துக்கினது எங்கக்காதான்.”

நான் கேட்க ஏங்கியது இதைத்தானே?

ரிமோட் கையில்தான் இருந்தது. நிறுத்த முடியவில்லை. அவள் இலையில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, இந்தப் பக்கம் தள்ளி, “சாப்ட வாங்க” என்றாள்.